ஒன்றும் கிடைக்கவில்லை

மாலை ஐந்தே கால். டிசம்பர். பேருந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது. ரோடோபி மலையில் பயிற்சி விடுதிக்குப் போகும் பாதை அது... இரண்டு கிலோமீட்டர். ஒரு விளக்கு கிடையாது. யோர்தான்கா பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக நடந்தாள்.

பயப்படாதீர்கள், பயிற்சிக்கு வந்து நாம் இப்போது படுத்திருக்கும் இந்த விடுதி இல்லை. மலைக்கு அந்தப் பக்கம்.

யோர்தான்கா, என்னோடு வேலை பார்க்கும் காலினாவின் சித்தி. நம்மைப் போலவே மருத்துவமனை நூலகர். டாக்டர்கள் கேட்பதற்கு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தர வேண்டும். தேடுவதெல்லாம் கணினிக்கு மாறி ஏழு வருஷம் ஆகியும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயிற்சிக்கு விடுப்பு கேட்டு நான்கு முறை எழுதினாள். நான்கு முறையும் மருத்துவமனை இயக்குநர் 'அவசியமில்லை' என்று எழுதித் திருப்பினார்.

"புத்தகம் அடுக்கறதுக்கு எதுக்கும்மா படிப்பு?" என்று முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறார்.

அந்த அக்டோபரில் ஒரு டாக்டர் போன் செய்தார். "நெவேனான்னு ஒரு பேஷண்ட். இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடறாங்க. இப்ப நிமோனியா. புதுசா வந்த ஊசியைச் சேர்த்துப் போடலாமா? ஏதாவது எழுதியிருக்காங்களான்னு பாருங்க."

தெரிந்த வழியில் மதியம் முழுக்கத் தேடினாள். சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: 'ஒன்றும் கிடைக்கவில்லை.'

ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் நெவேனா செத்துப்போனாள். முப்பத்து நான்கு வயது. யோர்தான்கா அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

விசாரணை வருகிறது என்று தெரிந்ததும் இயக்குநர் உடனே பயிற்சிக்கு அனுமதி கொடுத்தார். நெவேனா சாவதற்கு முன்பே கொடுத்ததுபோல், செப்டம்பர் தேதி போட்டு.

அப்படித்தான் அவள் அந்தப் பாதையில் நடந்தாள்.

பாதி வழியில் ஒரு வாடை... ஸ்பிரிட்டும் நனைந்த கம்பளியும். பக்கத்தில் ஒருத்தி நடந்து வந்துகொண்டிருந்தாள். இரவு உடைமேல் ஸ்வெட்டர். காலில் துணிச் செருப்பு. பனி நொறுங்கும் சத்தம் மட்டும்... ஒரு ஜோடிக் காலுக்குத்தான் கேட்டது.

"வகுப்புக்குத்தானே போறீங்க?"

"ஆமா. நீங்களும் நூலகரா?"

"இல்ல. எனக்கு ஒரு விஷயம் தெரியணும்."

விடுதி வாசல் வெளிச்சத்தில் யோர்தான்கா திரும்பிப் பார்த்தபோது பனியில் தன் காலடித் தடம் மட்டும்தான் இருந்தது. பெட்டிச் சக்கரத்தின் கோடும்.

மறுநாள் மதியம், கணினி அறை. பன்னிரண்டு பேர். பயிற்சி கொடுத்தவர் உற்சாகமான ஆள்.

"உங்க ஆஸ்பத்திரியில நிஜமா வந்த கேள்வி ஒண்ணை எடுங்க. தேடிப் பாப்போம்."

யோர்தான்காவுக்குக் கை ஓடவில்லை. அப்போது காதுக்குப் பின்னால் அதே வாடை.

"என்னோடதை எடுங்க."

அவள் திரும்பவில்லை. காலையில் கற்றபடி மாத்திரையின் பெயரையும் ஊசியின் பெயரையும் அடித்தாள். பட்டியலில் பதினோராவது கட்டுரை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இதயம் நின்றுவிடலாம் என்று முதல் பத்தியிலேயே இருந்தது. வெளியான தேதி, நெவேனா சாவதற்கு நான்கு வருஷம் முன்பு.

முதுகுக்குப் பின்னால் மூச்சை விடும் சத்தம் கேட்டது... நீளமாக. உள்ளே இழுக்கும் சத்தம் வரவே இல்லை.

பயிற்சியாளர் கை தட்டினார். "நாலே நிமிஷம்! பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்?"

யோர்தான்கா வராந்தாவுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

ஊர் திரும்பியதும் அந்தக் கட்டுரையை இயக்குநர் மேசையில் வைத்தாள். படித்தார். இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"செத்தவங்க வந்து கேக்கப் போறாங்களா? சான்றிதழைப் பத்திரமா வெச்சுக்கோங்க. விசாரணையில காட்டணும்."

இன்னொரு பிரதி எடுத்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை நெவேனாவின் கணவன் ராங்கெல் வீட்டுக்குப் போனாள். பிள்ளை குட்டி இல்லாத மனிதன். தனியாகத்தான் இருந்தான். கதவைத் திறந்தவனிடம் அழுதுகொண்டே தாளை நீட்டினாள். "நான்தான் அன்னைக்குத் தேடினவ. எனக்குத் தேடத் தெரியல..."

அவன் தாளை வாங்கவில்லை.

"தெரியும். உள்ள வாங்க. சூப் ஆறுது."

மேசையில் மூன்று கிண்ணம் பீன்ஸ் சூப். மூன்றிலும் ஆவி.

"யாராவது வராங்களா?" என்று கேட்டாள்.

"நீங்க இன்னைக்கு வருவீங்கன்னு அவதான் சொன்னா."

யோர்தான்கா உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். எழும்போதுதான் மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்தாள்.

பாதி காலியாகியிருந்தது.