ஆளில்லாத பீச்சு

கரண்ட் இப்போதைக்கு வராது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் கிருபாகரனின் அண்ணன் ஜெபக்குமாருக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

மாசி மாதம்... ராத்திரி பதினொன்றரை. கூவத்தூர் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவே கடலுக்குப் போகும் மண் ரோடு. பைக்கில் ஜெபக்குமார், பின்னால் தூண்டிலோடு மச்சான் பிரவின்குமார். பெண்டாட்டி கவியாவின் ஒரே தம்பி. நீச்சல் அரைகுறை. "அவன பத்திரமா இட்டுகினு வா," என்று அவள் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஜெபக்குமார்தான். கோவளத்தில் கூட்டம். மாமல்லபுரத்தில் பாட்டுச் சத்தம். இங்கே படகு இல்லை, குடிசை இல்லை, ஒரு நாய்கூட இல்லை. இவ்வளவு நல்ல பீச்சில் ஏன் ஒருத்தருமே இல்லை என்று அந்த மேதாவிக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் வற்றியிருந்தது. இடுப்பளவு ஆழத்தைக் கடந்தால் ஒரு மணல் திட்டு. கொடுவா மீன் அங்கேதான் கடிக்கும்.

"மாமா, நான் திட்டுக்குப் போறேன். நீ லைட்ட மட்டும் அணைச்சிடாத. அத பாத்துகினுதான் திரும்பி வரணும்," என்றான் பிரவின்.

சார்ஜ் லைட்டைக் கடலைப் பார்க்க வைத்துவிட்டு ஜெபக்குமார் மணலில் உட்கார்ந்தான். நிலா இல்லை. அலைச் சத்தம் மட்டும்... திடீரென்று ஈரச் சாக்கு வாடை. பின்னால், தோப்பு இருட்டிலிருந்து ஒரு பெண் குரல். மெதுவாக, மரியாதையாக.

"அண்ணா, லைட்ட அணைங்க. ஆமை ஏறுது."

முட்டையிட வரும் ஆமைக்கு வெளிச்சம் ஆகாது. ஆமை பார்க்கும் கூட்டத்தோடு அவனும் ஒருமுறை நடந்திருக்கிறான். அன்றைக்கும் இப்படித்தான் சொன்னார்கள். ரெண்டு நிமிஷம்தானே என்று அணைத்துவிட்டான். பாவி, அணைத்துவிட்டான்.

சர்... சர்... மணலில் ஏதோ இழுபட்டது. கடலிலிருந்து கரைக்கு அல்ல. தோப்பிலிருந்து கடலுக்கு. அவன் காலை உரசிக்கொண்டு, சில்லென்று போய்த் தண்ணீரில் இறங்கியது.

லைட்டைத் தட்டினான். எரியவில்லை. செல்போனும் செத்துக் கிடந்தது.

"மாமா, எங்க கீற?" திட்டிலிருந்து பிரவினின் குரல்.

"இங்கதான்டா. என் கொரல வச்சி வா," என்று கத்தினான் ஜெபக்குமார்.

அவன் வாயை மூடியதும், தெற்கே ஆழத்திலிருந்து அதே குரல். அவனுடைய குரல். "இங்கதான்டா... வா..."

பிரவின் எந்தப் பக்கம் திரும்பினான் என்பது தண்ணீர்ச் சத்தத்திலேயே தெரிந்தது. ஜெபக்குமார் தொண்டை கிழியக் கத்தினான். அவன் கத்தக் கத்த அங்கேயிருந்தும் குரல் வந்தது, இன்னும் பாசமாக.

படகுக்காரர்கள் நாள் கணக்கில் தேடினார்கள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்காது என்பது கவியாவுக்கும் தெரியும்.

இப்போது சில ராத்திரிகளில் அவர்கள் வீட்டு வாசலில் யாரோ கூப்பிடுகிறார்களாம். ஜெபக்குமாரின் குரலில்.

"கவியா... பிரவின இட்டுகினு வந்துட்டேன். கதவத் தொற."

ஜெபக்குமார் அவள் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான். கையைப் பிடித்துப் பார்க்கிறான். அவள் உதறிவிட்டு எழுந்துபோகிறாள்.

ஒவ்வொரு தடவையும் போய்த் திறக்கிறாள்.