நாலு மணி ரயில்

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களே. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூன்று வருஷமாக நாடு நாடாகச் சுற்றிய ஒரு கணவன் மனைவியின் கதை சொல்கிறேன். அவர் கடிகாரம் பழுது பார்த்தவர். அவள் டெலிபோன் ஆபரேட்டர். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதி அறையில் அவர்கள் பேசிக்கொண்டது இது.

— பையை ஏன் அவுக்கறீங்க? இப்பத்தானே கட்டி வச்சேன்!

— நான் வரலை. மக வீட்டுக்கே போயிடலாம்.

— நாலு மணி ரயிலுக்கு டிக்கெட் கையில இருக்கு...

— முழங்கால் வலி.

— காலைல மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாவினது யார் முழங்கால்?

— ...சலிச்சுப் போச்சும்மா.

— உங்களுக்கா? நேத்து தப்பான ரயில்ல ஏறினோமே, அதுலயும் எதிர்ல இருந்தவர்கிட்ட ஒரு மணி நேரம் கதை அளந்தீங்களே!

— நான் அளந்தேன். அவரும் ஏதோ சொன்னாரு...

— என்ன சொன்னாரு?

— தெரியலை. தலையை மட்டும் ஆட்டினேன். வலது காது சுத்தமா போச்சு. இடதும் பாதிதான். எட்டு மாசமாச்சு.

— எட்டு மாசமா! அப்போ நேத்து ரயில்காரர் வழி சொன்னப்போ...

— அதுக்கும் தலையாட்டினேன்.

— அட மனுஷா!

— நாம பேசி வச்சதுதானே? வழி கேக்கறது நான், பலகை படிக்கறது நீ.

— 'முப்பது வருஷம் கடிகாரத்துக்குள்ளயே கண்ணை நட்டு வச்சாச்சு, இனி அதுக்கு ஓய்வு'ன்னு சொன்னது யாரு?

— 'ஊரார் பேச்சைக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு'ன்னு சொன்னது யாரு?

— சரி, சரி... அதுக்காக வீட்டுக்கு ஓடறதா?

— உன்னை எங்கயாவது கொண்டு போய்த் தொலைச்சுட்டேன்னா?

— இத்தனை வருஷத்துல நாம தொலையாத ஊர் எது? தொலைஞ்சப்பல்லாம் சேந்துதானே தொலைஞ்சோம்?

— உனக்கு எல்லாம் சிரிப்பு.

— அடுத்த ஊர்ல முதல் வேலை காது டாக்டர். அதுக்கப்புறம் மலை, கடல் எல்லாம். செருப்பை மாட்டுங்க.

— இரு, ஒண்ணு கேக்கணும். நேத்து இறங்கறப்பத்தான் பாத்தேன். அந்த ரயில் மேலயே போற ஊர் பேரு முழ நீளத்துக்கு எழுதியிருக்கு! எனக்குக் கேக்கலை, சரி. நீ படிச்சிருக்கலாமே? இடது பக்கம் வந்து சொல்லு.

— ரயில் மேல பேரா? எனக்கு ரயிலே மங்கலாத்தான் தெரிஞ்சுது. ரெண்டு கண்ணுலயும் புரை. ஒரு வருஷமா சொல்லலை, சொன்னா நீங்க வீட்டுக்குக் கிளம்பிடுவீங்கன்னு... எந்திரிங்க! இனிமே கண்ணு உங்களுது, காது என்னுது. ஸ்டேஷன்ல நம்ம ரயிலைச் சொல்றாங்க, இங்கயே கேக்குது. மணி என்னன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க!

செல்லங்களே, உங்கள் வீட்டிலும் பைகள் எப்போதும் கட்டித் தயாராக இருக்கட்டும். தூக்கிவிட ஒரு துணைக் கை என்றும் குறையாதிருக்கட்டும்.