மிதித்தால் எரியும் விளக்கு

அக்கா: ஓரமா ஒதுங்காத. டைல்ஸ் மேல கால வை.

தம்பி: அமுங்குதுக்கா. கால் பயப்படுது.

அக்கா: காலா, நீயா?

தம்பி: ஆபரேஷன் அதுக்குத்தானே பண்ணாங்க? அது தனியா பயப்படுது.

அக்கா: அமுங்கினாதான்டா கரண்ட்டு வரும். என் தோளப் பிடிச்சுக்க. ம்... பாரு, விளக்கு எரியுது.

தம்பி: ஊர்ல இத்தனை பேர் இருக்க, நீ பதிச்ச டைல்ஸ மிதிக்க நொண்டிதான் கிடைச்சானா?

அக்கா: மத்தவங்க அமுங்கினதும் குழின்னு பயந்து ரோட்டுல இறங்கிப் போறாங்களே.

தம்பி: பேசாம ரோட்டுலயே பதிச்சிருக்கலாம்.

அக்கா: பஸ் திரும்புற இடத்தத்தான் கேட்டேன். ஒரு பஸ் டைல்ஸ் மேல ஏறி இறங்கினா போதும், நீ நாள் பூரா நடக்கவே வேண்டாம். கார்ப்பரேஷன்ல நடைபாதையத்தான் கொடுத்தாங்க.

தம்பி: ஆக, பஸ் இல்லாத குறைக்கு நான்.

அக்கா: கனத்துல பெரிய வித்தியாசம் இல்ல. நட.

தம்பி: வாய் மட்டும் குறையல... சரி, நாளைக்கும் இதே நேரம்தானே?

அக்கா: ...நாளைக்கு வேண்டாம்.

தம்பி: ஏன்? நான் நடக்கலன்னா விளக்கு அணைஞ்சிடும், ஆபீஸ்ல உன் மானம் போயிடும்னு சொன்னியே?

அக்கா: சொன்னேன்...

தம்பி: இப்ப நின்னுட்டேன். அது பாட்டுக்கு எரியுது.

அக்கா: பேட்டரில மிச்சம் இருக்கும்.

தம்பி: அக்கா...

அக்கா: இந்த டைல்ஸ் தேறாதுன்னு போன வாரமே ஆபீஸ்ல சொல்லிட்டாங்கடா. நாளைக்கு எல்லாத்தையும் பேத்து எடுக்கறாங்க. விளக்க அன்னிக்கே தெரு கரண்ட்டு லைனுக்கு மாத்தியாச்சு.

தம்பி: அப்ப என்னை எதுக்கு தினமும் இழுத்துட்டு வந்த?

அக்கா: டாக்டர் சொல்லி நடந்தியா? அம்மா அழுது நடந்தியா? எனக்காகன்னா எழுந்திருப்பன்னு தெரியும்... கோவமா?

தம்பி: இல்ல. லைன் மாத்தினப்ப நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.

அக்கா: எங்கேருந்து?

தம்பி: இதோ, இங்க நின்னுதான்.

அக்கா: இங்கயா? உன்னை யாரு கூட்டிட்டு வந்தா?

தம்பி: யாரும் இல்ல. மத்தியானத்துல தனியாத்தான் நடக்கறேன்.

அக்கா: அடப்பாவி... அப்புறம் எதுக்குடா சாயங்காலமானா என் தோளப் பிடிச்சுட்டு...

தம்பி: போன வாரத்துலேருந்து வேலை முடிஞ்சு வந்ததும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துடறியே. உன்னை எழுப்பி வெளிய கூட்டிட்டு வர எனக்கு வேற வழி தெரியலக்கா.