மாசாணம் குடித்துக் காட்டியது

நீங்கள் வைத்த தண்ணீர் சிறுவாணித் தண்ணீர் என்று முதல் மிடறிலேயே தெரிந்துவிட்டது. கோயமுத்தூர்க்காரனுக்கு அது போதும், உட்கார்ந்து பேசலாம்.

என் பெயர் பாலகோபால். கணபதிப் பக்கம் ஒரு டைகாஸ்டிங் பட்டறையில் கெமிஸ்ட். அலுமினியத்தை உருக்கி அச்சுக்குள் அழுத்தி பம்ப் பாகங்கள் வார்க்கிற இடம். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது ஹைட்ராலிக் எண்ணெய். தொண்ணூற்று மூன்றில் ஒரு மெஷினின் ஹோஸ் குழாய் வெடித்து எண்ணெய் உலைமேல் பீய்ச்சியடித்தது. இரண்டு பேர் அங்கேயே எரிந்துபோனார்கள். பக்கத்தில் நின்ற மெஷின் தொழிலாளி மாசாணத்துக்கு இடது கை வெந்தது, உயிர் பிழைத்தார். மாற்றிய பழைய எண்ணெய் வேறு சாக்கடை வழியாக நொய்யல் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி ஈஸ்வரமூர்த்தி என்னைக் கூப்பிட்டு, தீப்பிடிக்காத, மண்ணையும் கெடுக்காத ஒன்றைச் செய்து தரும்படி கேட்டார்.

இரண்டு வருடம் ஆயிற்று. பாதி தண்ணீர், மீதியில் பெரும்பங்கு மருந்துகளில்கூடச் சேர்க்கிற புரோப்பிலீன் கிளைக்கால். தண்ணீர் என்றால் துரு பிடிக்கும், பம்ப் தேயும், ரப்பர் சீல்கள் ஊறிப்போகும். ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். எரியும் கேஸ் டார்ச்சின் சுவாலைமேல் தெளித்தபோது புஸ்ஸென்று ஆவிதான் வந்தது. அதைவிட நல்ல வேலை எதையும் நான் செய்ததில்லை.

ஆட்கள் நம்பவில்லை. மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்றார்கள். அவர்கள் முன்னால் கால் டம்ளர் குடித்துக் காட்டினேன். மாசாணம் என் கையிலிருந்து டம்ளரை வாங்கி மிச்சத்தைக் குடித்தார்.

"இனிக்குதுங்க சார்," என்றார்.

அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. யார் பார்க்க வந்தாலும் மாசாணம் அரை டம்ளர் குடித்துக் காட்டுவார். தன் கையை வெந்துபோகச் செய்த எண்ணெயை ஒழித்தது இதுதான் என்று அவருக்கு இதன்மேல் ஒரு பாசம்.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. அவர்கள் ஒப்புக்கொண்டால் திரவம் வெளிநாட்டுக்கே போகும். ஆனால் புரோப்பிலீன் கிளைக்கால் தூத்துக்குடித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளூரில் கிடைத்தது டைஎத்திலீன் கிளைக்கால். அதுவும் பிசுபிசுப்பு, அதுவும் இனிப்பு. மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது, சிறுநீரகத்துக்குத் தெரியும். அதை வைத்து நாற்பத்தொன்றாம் நம்பர் பேரலைக் கலக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மாசாணத்திடம் மட்டும், இன்றைக்குக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்திருந்தேன். மறந்துபோயிற்று என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை. ஏன் என்று கேட்பார். எதையும் உரக்கக் கேட்கிற மனிதர் அவர்.

மூன்று மணி நேரம் மெஷின் குறையில்லாமல் ஓடியது. வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டார்கள். முதலாளி சிரித்தபடி, "மாசாணம், அதையுங் காட்டிப்போடுங்க," என்றார்.

பேரலின் குழாய் என் பக்கம் இருந்தது. மாசாணம் டம்ளரை என்னிடம் நீட்டினார். அவர் ஐம்பத்திரண்டு கிலோ இருப்பார் என்று கணக்குப் போட்டேன். வழக்கம்போல் பாதி ஊற்றினால் ஒருவேளை தாங்குவார். ஆனால் வந்தவர்களில் ஒருவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்; குறைவாக ஊற்றினால் தயங்குவதுபோல் தெரியும். டம்ளர் நிறைய ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். அவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலமே அவருக்கு நடை தள்ளாடியது. மறுநாள் வாந்தி. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. என்ன உட்கொண்டார் என்று தெரிந்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கலாம். அதற்கான இயந்திரம் அந்தக் கட்டிடத்திலேயே கீழ்த்தளத்தில் இருந்தது. ஜெர்மன்காரர்கள் திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தார்கள். அன்று சனிக்கிழமை.

அவர் மனைவி வெள்ளையம்மா வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், அந்தத் தண்ணியால இருக்குமுங்களா?"

"இல்லீங்கம்மா. நானே குடிச்சிருக்கேன்," என்றேன்.

அதில் பொய் இல்லை. குடித்திருக்கிறேன், முந்தைய கலவையை. அவர் உள்ளே போய் அதையே டாக்டரிடம் சொன்னார். சாரே குடித்திருக்கிறார், அதில் ஒன்றுமில்லை என்று. செவ்வாய்க்கிழமை காலை மாசாணம் இறந்தார். காரணம் கள்ளச்சாராயமாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். கை வெந்த பிறகு அவர் சாராயத்தைத் தொட்டதே இல்லை என்று வெள்ளையம்மா எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். என்னிடமும் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன்.

பன்னிரண்டு நாளில் கப்பல் சரக்கு வந்தது. மிச்சத்தை வடித்து எடுத்துவிட்டு நல்ல கலவையை மாற்றினேன். ஒவ்வொரு பேரலிலும் ஒரு பாட்டில் மாதிரி எடுத்து வைப்பது என் பழக்கம். இப்போது உங்கள் ஸ்டேஷன் மேசைமேல் இருப்பது நாற்பத்தொன்றாம் நம்பர்.

ஏன் இத்தனை நாள் கழித்து என்று கேட்டீர்கள். முதலாளி வெள்ளையம்மாவுக்குப் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்திருந்தார். போன மாதம் வேறொரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். குடித்துக் காட்ட ஆள் இல்லை. வெள்ளையம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு முன்னால் வந்தார்.

"எங்கூட்டுக்காரரு குடிச்சதுதானுங்க. நா குடிக்கறேனுங்க," என்றார்.

ஊற்றிக் கொடுத்தேன். அது நல்ல திரவம்தான், எனக்குத் தெரியும். அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பயமோ வருத்தமோ ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். ஊற்றியது நான். டாக்டரிடம் போகவேண்டிய வார்த்தையைத் தடுத்ததும் நான். ஆனால் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். மாசாணத்தைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. சாவார் என்று தெரியும், அவ்வளவுதான்.