எல்லா வார்டுக்கும் ஒரே கட்டில்

மேனேஜரே அனுப்பினாரா? பரவால்லியே. நேர்ல வர மூஞ்சி இல்லன்னா உங்களை அனுப்புறாரு. இல்ல இல்ல, உங்க மேல கோவம் இல்ல. அந்தத் துணி மூட்டையைத் தள்ளிட்டு உக்காருங்க, சலவைக்குப் போயிட்டு வந்ததுதான். நான் மடிச்சுக்கிட்டே சொல்றேன்.

லேப்டாப்ல அந்தக் கட்டில் கணக்கு ஃபைலைத் தொறங்க. வார்டுக்கு ஒரு ஷீட் இருக்கா? ஒவ்வொரு ஷீட்லயும் கட்டில் விவரம் இருக்கற கட்டங்களுக்குக் கட்டில்னே பேரு வச்சிருந்தேன். ஆமா, ஆறுலயும் அதே பேருதான். ஆனா அந்தந்த ஷீட்டுக்கு மட்டும். அதனால ஆம்பளைங்க வார்டுல அங்க இருக்கற கட்டிலை எண்ணும், பிரசவ வார்டுல அங்க இருக்கறதை எண்ணும். மேல ஒரே ஃபார்முலா. எத்தனை காலின்னு அதுவே சொல்லிடும்.

இந்த மேனேஜர் மனுஷன் வந்து, ஒரே பேரு எதுக்கும்மா ஆறு தடவை, குப்பை மாதிரி இருக்குன்னாரு. மொத்த ஃபைலுக்கும் பொதுவா ஒண்ணு போதுமாம். சார், எல்லா வார்டும் ஒரே கணக்கைக் காட்டும்னேன். நாலு பேரு முன்னாடி சொல்லிட்டேன்ல, அதான் தப்பாப் போச்சு. மறுநாள் என்னை இந்தத் துணி ரூமுக்கு மாத்திட்டு, அவரு நெனைச்சதைப் பண்ணிட்டாரு. அந்த ஒத்தைப் பேரு பிரசவ வார்டைப் பாத்துச்சு. அங்க என்னிக்கு, தம்பி, கட்டில் காலியா இருந்திருக்கு? எந்த வார்டைத் தொறந்தாலும் காலி இல்லதான்.

எழுதிக்கிறீங்களா? சரி. திருத்தப் பாக்காதீங்க, விடாது. வச்ச பேரை அழிச்சிட்டுத்தான் புதுசா வைக்கணும். வைக்கும்போது ஸ்கோப்னு ஒரு பெட்டி வரும். சும்மா விட்டா மொத்த ஃபைலுக்கும்னு நிக்கும். அதுல அந்த வார்டு ஷீட்டைத் தேர்ந்தெடுங்க. அவ்ளோதான் வேலை. ஆறு ஷீட்டுக்கும் தனித்தனியா. இதுக்குப் போயி இத்தனை பெரிய மனுஷத்தனம்.

தப்புன்னு எப்பத் தெரிஞ்சுதா? அவரு பண்ணின அன்னைக்கே. ஆம்பளைங்க வார்டுல ரெண்டு பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க, விரிப்பு மாத்துங்கக்கான்னு நர்ஸம்மா கூப்பிட்டாங்க. போயி ரெண்டு கட்டிலுக்கும் சுருக்கமில்லாம விரிச்சேன். அந்த நேரம் கீழ வாசல்ல ஒருத்தரை நெஞ்சுவலின்னு வண்டியில கொண்டாந்திருக்காங்க. வரவேற்புல இருந்த பொண்ணு ஸ்க்ரீனைப் பாத்து எடமில்லன்னுட்டா. அந்தப் புள்ளையை நான் குத்தம் சொல்ல மாட்டேன். காட்டுனதைத்தான சொல்ல முடியும்? வேற ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உயிரு போயிடுச்சு.

யாருன்னா... எங்க வீட்டுக்காரருதான் தம்பி. கொழுந்தன் போன்ல அழுதப்போ நான் இங்க உக்காந்து தலையணை உறை மடிச்சுக்கிட்டிருந்தேன். மாடியில அந்த ரெண்டு கட்டிலும் சாயங்காலம் வரைக்கும் காலியாத்தான் கெடந்துச்சு.