ஒற்றைப் பிரதி

உங்கள் பையன் காமிக்ஸ் சேர்க்கிறான் என்று ஏட்டையாவிடம் நீங்கள் அலுத்துக்கொண்டது காதில் விழுந்தது சார். அவனைத் திட்டாதீர்கள். நல்ல பழக்கம்தான். புத்தகத்தைப் படிக்க மட்டும் விடாதீர்கள்.

படித்தால் முதுகு மடங்கும். முறுக்குத் தின்ற கையால் தொட்டால் மூலையில் எண்ணெய் ஏறும். அப்புறம் அது பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். படிக்க ஒன்று, வைக்க ஒன்று என்று இரண்டாக வாங்கிக் கொடுங்கள். கையில் ஓட்டமில்லை என்றால் வைக்க மட்டும் ஒன்று போதும். தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு, பாலிதீன் உறைக்குள் படுக்க வையுங்கள். நிறுத்தி வைத்தால் முதுகு சாய்ந்துவிடும்.

"இதுல காசு தேறுமாய்யா?" என்று நீங்கள் கேட்டபோது ஸ்டேஷனே சிரித்தது. தேறும் சார். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். செய்தித்தாளில் என்னைக் காமிக்ஸ் பைத்தியம் என்று போட்டிருக்கிறார்கள். நடந்ததைப் பற்றி எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்த ஒரு வார்த்தைதான் உறுத்துகிறது. பைத்தியம் என்றால் படிக்கிறவர்களைச் சொல்லலாம். நான் முதலீடு செய்தவன். ஒரு காமிக்ஸைக்கூட முழுதாகப் படித்ததில்லை.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரம் புரிந்துவிடும். பஞ்சு நன்றாக இருப்பதால் அதன் விலை ஏறுவதில்லை. பக்கத்துக் குடோனில் பஞ்சு இல்லாததால் ஏறுகிறது. கூட வேலை பார்த்தவர்கள் சீட்டுப் போட்டார்கள், பிளாட் வாங்கினார்கள். நான் அப்பா விட்டுப்போன மகாராஜபுரத்துக் கிணற்றடி நிலத்தை விற்றுக் காமிக்ஸ் வாங்கினேன். பக்கத்துச் சிவகாசியில்தான் அச்சாகிறது. கட்டோடு கட்டாக வந்து இறங்கும். அந்தக் காலத்தில் அதைப் பொருட்டாக மதித்து எடுத்து வைத்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

வீட்டுக்காரி வெள்ளத்தாய்க்கு இது பிடிக்கவில்லை. "வெளையிற நெலத்தைக் குடுத்துட்டு பொம்மைப் புத்தகத்தை வாங்கிப் பூட்டி வச்சிருக்கீய. நாளைக்கு புள்ளைக்கு ஒரு மூக்குத்தி வாங்க இதுல எம்புட்டுத் தேறும்னு கேட்டுச் சொல்லுங்க" என்பாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, சோறு போடும்போதெல்லாம் சொன்னாள். அவள் பேச்சு ஒரு நாள் பொய்யாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை இல்லை.

பழைய புத்தகக் கடைகளோடு மூர் மார்க்கெட் எரிந்த வருஷம் என் கணக்கு சரிதான் என்று தெரிந்தது. மெட்ராஸில் பழைய புத்தகம் விற்கும் ஒரு வியாபாரி எனக்குப் பழக்கம். தீக்குப் பிறகு அவர் பழைய இதழ்களுக்குச் சொன்ன விலையே வேறு. புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மற்றவை இல்லாமல் போனதுதான் வித்தியாசம். நான் ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகை. நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது என்ன செய்யவேண்டும் என்று தெளிவாக இருந்தது.

என்னிடம் ஓர் இதழ் இருந்தது. பெயர் நீங்கள் கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் இருக்கிறது. புத்தகத்தை ஃபைலோடு சேர்த்துப் பின் குத்தாமல் இருந்தால் நல்லது. கடலுக்கடியில் ஒரு கப்பலைத் தேடிப்போகிறவனின் கதை என்று அட்டையைப் பார்த்தால் தெரியும். அது வெளியான வருஷம் மழைத் தண்ணீர் அச்சகக் கிடங்குக்குள் புகுந்து பெரும்பாகம் ஊறிப்போனது. வெளியே வந்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை நான் தேடித் தேடி வாங்கினேன். சலூன்களில் கிடந்ததை, வாடகைக்குப் புத்தகம் விடும் கடைகளில் கிடந்ததை, வ. புதுப்பட்டியில் பட்டாளத்திலிருந்து வந்த ஆண்டிச்சாமி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்ததை. ஒன்றைக்கூடச் சும்மா எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கேட்ட காசு கொடுத்தேன்.

வாங்கியதை வன்னியம்பட்டி மாடத்தியிடம் கொடுத்துவிடுவேன். அந்தப் பக்கத்து வீடுகளில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே. பழைய காகிதம் எதுவாக இருந்தாலும் கிழித்து, பசை தடவி, கம்பியில் சுருட்டி உருவிவிடுவார்கள். மாடத்திக்கு ஒரு தடவை மனசு கேட்கவில்லை. "அண்ணாச்சி, படம் நல்லாருக்கே. பிள்ளைக பாத்துட்டுப் பொறவு கிழிக்கட்டுமா?" என்றாள். வேண்டாம், என் கண் முன்னால் கிழி என்றேன். அந்தத் தீபாவளிக்கு அவை எங்கெங்கோ வெடித்திருக்கும். என் பெட்டியில் இருந்த ஒன்றின் விலை ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று என்னுடையது. இன்னொன்று இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட வீதியில் உப்பிலி வீட்டில் இருந்தது.

உப்பிலி ராஜபாளையம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். எனக்கு வரும் காமிக்ஸ் பார்சலை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அப்படித்தான் பழக்கம். "ஓய் சோலைராஜ், உமக்கும் இந்தக் கிறுக்கு உண்டா?" என்று சிரித்தார். அவர் வாங்கியது தனக்காக இல்லை. அவருடைய மனைவி கமலவல்லி அம்மாவுக்காக. ஆசாரமான குடும்பம். மாதத்தில் மூன்று நாள் அந்த அம்மா வீட்டுக்குள் வரக்கூடாது, பின்கட்டில் தனியாக இருக்கும் அறையில்தான் இருக்கவேண்டும். பிரபந்தப் புத்தகத்தை அந்த நாட்களில் தொடக்கூடாது. காமிக்ஸுக்குத் தீட்டு இல்லை. கல்யாணமான புதிதில் பொழுது போகட்டும் என்று உப்பிலி ஒன்றிரண்டு வாங்கிப் போட்டிருக்கிறார். பிள்ளை இல்லாத வீடு. வருஷம் ஓட ஓட அந்த அறை முழுக்கப் புத்தகமாகிவிட்டது. தெருவில் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்த இதழைக் கொடுங்கள் என்று நானும் பலமுறை கேட்டேன். விலை சொன்னேன். "வெலைக்குக் கேட்டா அவ அழுதுடுவா ஓய். படிக்கணும்னா வாங்கிண்டு போம்" என்றார் உப்பிலி. எனக்கு எதற்கு இரவல்? என்னிடம்தான் ஒன்று இருக்கிறதே.

தொண்ணூற்றிரண்டில் என் மகளுக்கு வரன் வந்தது. பையன் போலீஸ்காரன், உங்கள் துறைதான். அவர்கள் கேட்டதைக் கேட்டுவிட்டு வெள்ளத்தாய் தகரப் பெட்டியை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மறுவாரமே மெட்ராஸுக்குப் போனேன். வியாபாரி இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரக்கு சுத்தமா இருக்கு. ஆனா வில்லிபுத்தூர்ல ஒரு அம்மாகிட்ட இன்னொண்ணு இருக்காமே. ஊர்ல இது ஒண்ணுதான்னா நீங்க சொல்றதுதான் விலை" என்றார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நான் மில்லில் படித்த பாடத்தைத்தான் அவரும் சொன்னார்.

திருடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். திருடினால் புத்தகம் இல்லாமல் போகாது, எங்கேயோ இருக்கிறது என்று ஆகும். எங்கேயோ இருக்கிறது என்ற நினைப்பே விலையைக் கெடுத்துவிடும். அது போய்விட்டது என்று நாலு பேருக்குத் தெரியவேண்டும்.

ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு மாட வீதி வீடுகளில் ஆள் இருக்காது. எல்லோரும் வடத்தைப் பிடிக்கப் போய்விடுவார்கள். நானும் வடம் பிடித்தேன். உப்பிலி எனக்கு முன்னால் நின்றார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். "அம்மா வரலையா சாமி?" என்று கேட்டேன். "அவ வரப்படாது ஓய், பின்கட்டுல இருக்கா. வருஷா வருஷம் காத்துண்டிருப்பா, இந்தத் தடவை பாரும், இப்படி ஆயிடுத்து" என்றார். பாவம், அவருக்கு அது பெரிய குறையாக இருந்தது. செத்த நேரம் இழுத்துவிட்டு நான் கூட்டத்தை விட்டு வெளியே வந்தேன். மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பஞ்சு பையில் இருந்தது. மண்ணெண்ணெய் ரேஷனில் வாங்கியது.

ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். அறை சீக்கிரமாகவே முடிந்துவிட்டது. கோவிந்தா கோஷமும் மேளமும் இருந்த இருப்பில் வேறு சத்தம் எதுவும் வீதிக்குக் கேட்கவில்லை. தேருக்குப் போட்ட அதிர்வேட்டிலிருந்து பொறி பறந்து விழுந்திருக்கும் என்று ஊரே முடிவு செய்தது. புத்தகங்களோடு கமலவல்லி அம்மாவும் போய்விட்டார்.

சாவுக்குப் போனேன். மகளின் கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொன்னேன். வாங்க ஆள் பார்க்கும்படி வியாபாரிக்குச் சொல்லிவிட்டேன். மெட்ராஸிலிருந்து ஒருவரும் வரவில்லை. எல்லோர் வீட்டிலும் டிவி வந்துவிட்டது, இப்போது யார் கேட்கிறார்கள் என்றார் வியாபாரி. அந்த இரண்டு மாதம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பண்ணியதெல்லாம் வீணாகிவிடுமோ என்று பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

புரட்டாசியில் உப்பிலியே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தகரப் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அவளுக்கு உசிரான புத்தகம் ஓய் அது. எத்தனை தடவை படிச்சிருப்பாளோ. ஆத்துல அவ ஞாபகமா ஒரு காகிதம் மிஞ்சலை. உம்மகிட்ட இருக்கறதைக் கொடும். என்ன வேணும்னாலும் கேளும்" என்றார்.

மாட வீதி மனையைக் கேட்டேன். வீடு பாதி எரிந்திருந்தாலும் கோயிலுக்குப் பக்கத்து மனை. அவர் பேரம் பேசவில்லை. தலையை ஆட்டினார். கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது. வெள்ளத்தாய் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஒரு காமிக்ஸுக்கு மாட வீதியில் ஒரு மனை. தேறுமா என்று கேட்டீர்களே சார், தேறியது.

பத்திரம் எழுத நாள் குறித்தோம். புத்தகத்தை உறையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்குகிறவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்தேன். உண்மையிலேயே அவர்மேல் எனக்கு இரக்கம்தான்.

"கடைசி நாலு பக்கம் மட்டும் அம்மா பாக்கி வச்சிட்டாவ சாமி. நீங்க அவிய பேர்ல அதைப் படிச்சு முடிச்சிருங்க" என்றேன்.

உப்பிலி நிமிர்ந்து பார்த்தார். "பாக்கி வச்சது உமக்கு எப்படித் தெரியும்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

அறையில் ஆள் இருந்தது தெரியாது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். கொல்லைப்புறமாக வந்து ஜன்னலருகில் நின்றேன். அந்த அம்மா பாயில் உட்கார்ந்து அந்த இதழைத்தான் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தார்.

"வாங்கோ அண்ணா. தேர் பாக்கப் போகலையா? இதைத்தானே ரொம்ப நாளாக் கேட்டுண்டிருந்தேள். இன்னும் நாலு பக்கந்தான். முடிச்சுட்டு ஜன்னல்ல வைக்கறேன், எடுத்துண்டு போங்கோ. நிதானமாப் படிச்சுட்டுக் கொடுத்தாப் போறும்."

"சரிம்மா, மெல்லப் படிங்க" என்றேன். கதவுப் பக்கம் போய் வெளி நாதாங்கியைப் போட்டேன். அப்புறம்தான் பையைத் திறந்தேன்.

அவர்தான் தருவதாகச் சொன்னாரே, வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்கவேண்டும் சார். அடுத்தவர் பொருளை ஏமாற்றி வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.