இடது காதில் ஜெயரட்ணம்

இரவு பதினொன்று நாற்பது. ரிச்மண்ட் ரோட்டில் ஒரேயொரு கார். இரண்டு பக்கமும் இருட்டு... இடையிடையே குதிரைக் காணிகள், வேலிக் கம்பிகள். காருக்குள் ஒருவர். பக்கத்து சீட்டில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்கும் பெல்ட் போட்டிருந்தார்.

அவர் நம் தோழி சுஜீவாவின் சித்தப்பா. ஆனந்தராஜா. சுஜீவா சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். நல்லவேளை, அவள் இன்றைக்கு நம் கதைக் கூட்டத்துக்கு வரவில்லை. ஹம்சா, அந்த கராஜ் கதவை இன்னும் கொஞ்சம் இறக்கிவிடு... காற்று வருகிறது.

ஆனந்தராஜாவைத் தெரியாமல் மேற்கு சிட்னியில் யாரும் குடியிருக்க முடியாது. எந்த விழாவிலும் 'இரண்டே நிமிடம்' என்று மைக்கை வாங்கி இருபத்தைந்து நிமிடம் பேசுகிறவர். பேச்சு எங்கே தொடங்கினாலும் லண்டனில் போய்த்தான் நிற்கும். எண்பத்தைந்தாம் ஆண்டு. டூட்டிங்கில் ஓர் அறை. கறுப்பு வெள்ளை டீவி. சனிக்கிழமை இரவுகளில் ஒரு பேய்த் தொடர்... வாரம் ஒரு கதை, வாரம் ஒரு பேய். "அதுதான் கலை. இப்ப எடுக்கிறது எல்லாம் சத்தம்" என்பார். அந்தத் தொடருக்கென்று ஒரு சங்கமே வைத்திருந்தார். தலைவர் அவர். செயலாளர் அவர் மனைவி யோகா. உறுப்பினர்கள், யோகாவின் ஆட்டிறைச்சிக் கறிக்கு வருகிறவர்கள்.

அந்தச் சனிக்கிழமை 'மீள்பார்வை மாலை'. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. தலைமையுரை, சிறப்புரை, நிறைவுரை, மூன்றும் அவரே. முழுத் தொடரும் அடங்கிய டிவிடிப் பெட்டியைத்தான் அன்றிரவு சிட்னிக்கு வெளியே வின்சர் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவனிடம் வாங்கிக்கொண்டு வந்தார்.

காருக்குள் ஒரு மணம். நனைந்த சாக்கு. கொஞ்சம் மண்ணெண்ணெய். பழைய பெட்டிதானே என்று கண்ணாடியை இறக்கினார்.

மணம் போகவில்லை.

இனி, அவர் மைக்கில் ஒருநாளும் சொல்லாத விஷயம். எண்பத்தைந்தில் ஆனந்தராஜாவுக்கு இங்கிலீஷ் வராது. யெஸ், நோ, தேங்க்யூ... அவ்வளவுதான். இங்கிலீஷ் வந்தது அறையில் கூட இருந்த ஜெயரட்ணத்துக்கு. பருத்தித்துறை. மெல்லிய ஆள், மெல்லிய குரல். அவன் இடது பக்கக் கதிரையில் இருந்துகொண்டு, காதோடு காதாக, வரிக்கு வரி தமிழில் சொல்வான். "இப்ப கதவு திறக்குது மச்சான்... டோர்ச் வெளிச்சம் வருது..."

ஒரு கதை ஆனந்தராஜாவின் மனதை விட்டுப் போகவேயில்லை. ஒரு நிலவறை. ஏழு பேர். இரவு இரண்டு மணிக்குக் கதவு திறக்கும். யாரோ ஒரு பெயரைக் கூப்பிடுவார்கள். போனவன் திரும்ப மாட்டான். ஒருநாள் ஒருவனைக் கூப்பிடுகிறார்கள்... அவன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன், தான்தான் அவன் என்பதுபோல், 'ஓம்' என்று எழுந்து போய்விடுகிறான். வாசலில் அவனுடைய ஒற்றைச் செருப்பு மட்டும். நீல வார். அன்றிலிருந்து, வாய் திறக்காதவன் எந்த ஊருக்குப் போனாலும், இரண்டு மணிக்கு அந்தக் குரல் தேடி வரும்.

அந்த மாதம்தான் இரண்டு பேருக்கும் அகதிக் கேஸ். ஆனந்தராஜாவை யாரும் பிடிக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. அதிகாரியிடம் சொல்லச் சொந்தமாக ஒரு கதை இல்லை. நேர்முகத்துக்குக் கோட்டு இரவல், சப்பாத்து இரவல்... கதையும் இரவலாக இருந்தால் என்ன? டீவிக் கதைதானே, யாருக்கு நட்டம்? நிலவறையை இராணுவ முகாமாக மாற்றினார். செருப்பின் நீல வாரைக்கூட விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி பேனையை வைத்துவிட்டு, எழுந்து போய், ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். கேஸ் சரி.

"அந்த ஒபிசர் டீவி பாக்கிறேல்லையோ?"

நல்ல கேள்வி, ஹம்சா. அதை அவர் நாற்பது வருடமாகத் தன்னிடம் கேட்கவேயில்லை.

மூன்று கிழமை கழித்து ஜெயரட்ணத்தின் முறை. அவனுக்கு மறுத்துவிட்டார்கள். கடிதம் அறைக்கு வந்தது. இதே சம்பவத்தை, இதே செருப்போடு, வேறொருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தது. அவனைப் பிடித்து வைத்திருந்த இடத்துக்கு ஆனந்தராஜா ஒருநாளும் பார்க்கப் போகவில்லை. அவருக்குக் கோபம். ஆமாம், அவருக்கு! "துரோகி. எத்தினை கதை பாத்தனாங்கள்? நான் எடுத்ததையே தானும் எடுத்திட்டான்." ஜெயரட்ணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒரு கடிதமும் இல்லை. அந்தத் துரோகக் கதையை யோகா நாற்பது வருடம் கேட்டாள்.

சரி. அந்த இரவுக்கு வருவோம். குவேக்கர்ஸ் ஹில்லில் அவர் வீடு. வீட்டுக்கு வந்ததும் பெட்டியோடு தியேட்டர் ரூமுக்குள் போனார்.

"என்னப்பா, இந்தச் சாமத்தில பேயோ? நாளைக்குப் பாருங்கோவன்."

"உமக்கு விளங்காது. இது கிளாசிக்."

"பேய்க்கு விளங்கினாச் சரி" என்றுவிட்டு யோகா படுக்கப் போனாள்.

முதல் கதையில் கல்லறை ஆடியது. அட்டைக் கல்லறை. இரண்டாவதில் பேயின் கையில் கடிகாரம் கட்டிய தடம். மூன்றாவதில், பஞ்சு அடைத்த நாய் ஒன்று ஒரு பிரபுவைக் கடித்தது... கடிப்பதற்குப் பிரபுதான் நாயைப் பிடித்துக் கொடுத்தார். நாற்பது வருடம் மேடை மேடையாகத் தூக்கித் திரிந்த கலை. ஆனந்தராஜா ஓட்டி ஓட்டிப் பார்த்தார். நிலவறைக் கதை வரட்டும், அது போதும், சனிக்கிழமை மானம் தப்பும்.

கடைசி டிஸ்க்கில், அந்தக் கதையோடு அவர் நினைவில் நின்ற படிக்கட்டு வந்தது. அதேதான். மெழுகுதிரியோடு கறுப்பு உடுப்புக்காரி இறங்கி வருவாள்... வந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது அவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். அவள் பேசியது மாமியின் உயிலைப் பற்றி. பிறகு ஒரு திரைச்சீலையைப் பற்றி. முடிவில் ஒரு வௌவால்.

நிலவறை இல்லை. ஏழு பேர் இல்லை. செருப்பு இல்லை.

பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். உயில்... திரைச்சீலை... வௌவால்.

டீவியில் இல்லாத கதையென்றால், யாருடைய கதை?

விளங்கியது. அன்றைக்கு ஜெயரட்ணம் மொழிபெயர்க்கவே இல்லை. நேரே பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றை, ஒரு வெள்ளைக்காரியின் வாயசைப்புக்குப் பின்னால் நின்று சொல்லியிருக்கிறான். ஏழு பேரில் வாய் திறக்காதவன் அவன். அவனிடம் இருந்தது அந்த ஒரு கதைதான். அதையும்...

ஆனந்தராஜா டீவியின் சத்தத்தை நிறுத்தினார். வீடு அமைதி. குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

சாக்கு மணம்.

இடது காதில் மூச்சுச் சூடு.

"இப்ப... ஒருத்தன் மேசைக்கு முன்னால இருக்கிறான் மச்சான். என்ர கதையைச் சொல்லுறான்."

திரையில் கறுப்பு உடுப்புக்காரி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப பிளேன் இறங்குது... ஜீப் நிக்குது..."

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"அதே அறை மச்சான். இப்ப கதவு திறக்குது..."

காதில் குரல் நின்றது. பிறகு வாசலில் கேட்டது. மணி இரண்டு. தெருவில் நின்று கூப்பிடுகிற மாதிரி, ஒரேயொரு முறை.

"ஆனந்தராஜா!"

அந்தக் கதையின் விதி அவருக்குத் தெரியும், பதில் சொன்னவன் போக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஆனால் பாருங்கள்... அந்த வீட்டில் வாசலில் யார் கூப்பிட்டாலும், போன் யார் எடுத்தாலும், அவருக்காகப் பதில் சொல்லிப் பழகிய ஆள் ஒன்று இருந்தது. நாற்பது வருடச் செயலாளர். அடுத்த அறையில் அரைத் தூக்கத்தில்...

"ஓம்... நிக்கிறார். பொறுங்கோ, வாறன்."

கட்டில் முனகியது. நடையில் கால் சத்தம். தியேட்டர் ரூம் வாசலைத் தாண்டித்தான் போனாள். 'யோகா, போகாதே.' இரண்டே சொல். இரண்டு நிமிடம் கேட்டு இருபத்தைந்து நிமிடம் பேசுகிற மனிதர்... வாய் திறக்கவில்லை.

வலைக் கதவு கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் எழுந்து போனார். கதவு திறந்தபடி. வாசலில் ஒற்றைச் செருப்பு. ஆம்பிளைச் செருப்பு. நீல வார். நனைந்திருந்தது. அன்று சிட்னியில் மழை இல்லை.

பொலிஸ் வந்தது. ஒரு பெண் அதிகாரி. ஆனந்தராஜா வாயைத் திறந்தார்... இங்கிலீஷ் வரவில்லை. ஒரு சொல்கூட. காதிலும் ஏறவில்லை. யெஸ், நோ, தேங்க்யூ. டூட்டிங்குக்கே திரும்பிப் போய்விட்டார். அதிகாரி மொழிபெயர்ப்புச் சேவைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மேசையில் வைத்தாள். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்தார்கள். ஆண் குரல். மெல்லிய குரல்.

அந்த நேரம் சுஜீவாவும் அங்கே வந்திருந்தாள். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவளுக்குச் சித்தப்பா சொன்னது தெளிவாகக் கேட்டது. "யோகா சண்டை பிடிச்சுக்கொண்டு வீட்டை விட்டுப் போட்டா. எத்தினை வருசம் வச்சுப் பாத்தனான்... அவவும் எனக்குத் துரோகம் செய்திட்டா."

போனில் இருந்தவர் அதை இங்கிலீஷில் சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார், குசினிக்கு எட்டாத மெல்லிய குரலில். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவள், பாதியில் பேனையை வைத்துவிட்டு ஆனந்தராஜாவைப் பார்த்தாள். இந்த முறை தண்ணீர் வரவில்லை.

கையெழுத்துப் போடுமுன் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டுமாம். போனில் இருந்தவர் அதற்குள் வைத்துவிட்டதால், சுஜீவா தாளை வாங்கிச் சித்தப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்து தமிழில் சொல்லத் தொடங்கினாள். 'கூப்பிட்டது என்னை. நான் வாய் திறக்கவில்லை. எனக்குப் பதிலாக அவள் போனாள். எண்பத்தைந்திலும் நான் இப்படித்தான்...'

அவள் நிறுத்திவிட்டாள். "சித்தப்பா, நீங்க இப்பிடிச் சொல்லேல்லையே?"

அவர் பேனைக்குக் கை நீட்டினார். கையெழுத்துப் போட்டார்.

போட்டு முடித்தபோது அதிகாரியின் போன் அடித்தது. மொழிபெயர்ப்புச் சேவையிலிருந்து ஒரு பெண். இவ்வளவு நேரம் காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டுமாம். இந்தச் சாமத்தில் தமிழுக்கு ஒருவரும் கிடைக்கவில்லையாம்.